பெயர் மறந்த பித்தளை அணி

மைசூரில் குடியேறி வாழும் தமிழ் அன்பர்களுக்குத் தேவராஜ சந்தையைப் பற்றி நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பூவும் வெற்றிலையும் குங்குமமும் வாங்க ஒரு முறையேனும் அங்கே சென்று வாராதார் இலர். அச்சந்தையை விட்டுச் சிறிது தொலைவு நடந்தால், பழைய பித்தளை, செம்பு, வெண்கலப் பாத்திரங்களை எடைக்கு வாங்கி எடைக்கே விற்கும் கடைகள் சில உண்டு. அப்பக்கம் செல்லும்போதெல்லாம் சற்று நின்று பார்ப்பது நம் வழக்கம். வாங்குவதைவிடப் பார்ப்பதே மிகுதி என்பதைக் கடைக்காரரும் அறிவார்.

அவ்வாறு நின்ற ஒரு நாளில், பிடி உடைந்த கூஜா ஒன்றுக்கும் மூடியில்லாத வெற்றிலைச் செல்லம் ஒன்றுக்கும் இடையே, நமக்குப் பெயர் சொல்லத் தெரியாத பொருள் ஒன்று கிடந்தது. உள்ளங்கையைவிடச் சற்றே அகலமான பித்தளை வார்ப்பு அது. கையில் எடுத்தால் கனத்தது. ஒரு பக்கம் மெல்லக் குழிந்து வழவழப்பாக இருந்தது. மறு பக்கத்தில் நடுப்பகுதி புடைத்து எழுந்து, அதனூடே நீண்ட பிளவு ஒன்று சென்றது. இரண்டு ஓரங்களிலும் பட்டையோ சங்கிலியோ கோப்பதற்குரிய துளைகள் இருந்தன. எழுத்து இல்லை, தெய்வ உருவம் இல்லை, அரச முத்திரை இல்லை. விளிம்பில் மட்டும் வரிவரியாக எளிய கோட்டு வேலைப்பாடு காணப்பட்டது.

இஃது என்ன என்று கேட்டோம். குதிரைச் சேணத்தைச் சேர்ந்தது என்றார் கடைக்காரர். பக்கத்தில் நின்ற ஒருவர், பழைய வீட்டுக் கதவில் தாழ் நுழையும் கொண்டி என்றார். நம்முடன் வந்த நண்பரோ, பெண்கள் இடையில் அணியும் ஒட்டியாணத்தின் முகப்பு இது, கல் பதித்திருந்த இடம்தான் பிளவாக நிற்கிறது என்று ஒரு கதையே கட்டிவிட்டார். மூவரும் மிக்க உறுதியுடன் பேசினர். தெரியாத பொருளைப் பற்றிப் பேசும்போது மனிதர்க்கு எங்கிருந்துதான் இவ்வளவு உறுதி வருகிறதோ!

இத்தகைய பொருளின் பெயரை அறியப் புகுவோர் முதலில் பெயரைத் தேடலாகாது. பொருள் எவ்வாறு தேய்ந்திருக்கிறது என்று பார்த்தல் வேண்டும். பித்தளை பொய் சொல்வதில்லை. கதவுக் கொண்டியாயின் ஆணி அடித்த துளைகள் இருக்கும். தாழ் உராய்ந்த தேய்மானம் ஒரே பக்கத்தில் இருக்கும். இதில் ஆணித்துளை இல்லை. சேணத்துப் பொருளாயின் குதிரையின் வியர்வையும் தோல் வாரின் இழுப்பும் துளைகளை நீளவாக்கில் தின்றிருக்கும். இதன் ஓரத் துளைகளோ மென்மையாகவே தேய்ந்திருந்தன. துணியோ மெல்லிய சங்கிலியோதான் அவற்றினூடே சென்றிருத்தல் வேண்டும். பிளவின் உட்சுவரில் மட்டும் கூரிய உலோகம் ஒன்று பலகாலும் நுழைந்து வெளிவந்த கீறல்கள் ஒரே திசையில் கிடந்தன. ஆகவே இது பிளவில் ஏதோ ஒன்றைத் தாங்கியது; அதுவும் கூரான ஒன்றை.

குழிந்த பக்கமோ உடம்பில் படிவதற்கென்றே அமைந்தது. அரையில் கட்டியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் வயிற்றின்மீது அணியும் முகப்பாயின், காண்போர் கண்ணில் படும்படி மலரோ மயிலோ இலக்குமியோ பொறித்திருப்பர். மைசூர் அரண்மனைச் சேவகரின் இடைவார் வில்லையாயின், உடையார் மரபின் சின்னமாகிய கண்டபேருண்டம் என்னும் இருதலைப் பறவை பெரும்பாலும் அதில் இருந்திருக்கும். அந்தப் பறவை இருந்தால் தேடும் வேலை அரை நாழிகையில் முடிந்துவிடும்; இன்றைய கருநாடக அரசின் இலச்சினையிலும் அது வீற்றிருக்கிறது. நம் கையிலிருந்த பித்தளையில் அழகு காட்டும் எண்ணமே சிறிதளவுதான். உழைப்பதற்காக வார்த்த பொருள் அது.

இவ்வளவும் அறிந்தபின்னும் பெயர் அறிந்தோமில்லை. எடைக்கு உரிய விலை கொடுத்து அதை வாங்கி வந்தோம்.

பெயர் சொன்னவர், படையில் பணியாற்றி ஓய்வு பெற்று மைசூரில் வாழும் முதிய குடகர் ஒருவர். அவர் வாயால் சொல்லுமுன் கையால் சொன்னார். பித்தளையை வாங்கிப் புரட்டிப் பார்த்தவர், புன்முறுவலுடன் எழுந்து நின்று, அதைத் தம் இடுப்பின் பின்புறத்தில், முதுகெலும்பு இடையைச் சேரும் இடத்தில் வைத்துக் காட்டினார். குழிந்த பக்கம் அவர் முதுகில் ஒட்டிப் படிந்தது. பிறகு வலக்கையைப் பின்னால் கொண்டுபோய், அங்கே இல்லாத ஒரு கத்தியின் பிடியைப் பற்றி உருவினார். "தொடங்" என்றார்.

குடகு நாட்டுப் போர்க்கத்தியை முதுகில் தாங்கும் பித்தளைத் தாங்கிக்கே அப்பெயர். ஆங்கிலேயர் தம் நூல்களில் தொடுங்கா என்றும் தொடங்க் என்றும் பலவாறு எழுதியுள்ளனர். நாம் வயிற்றிலும் கதவிலும் குதிரையிலும் தேடினோம். அது முதுகில் இருந்தது.

குடகு நமக்குப் புதிய நாடன்று. மைசூரிலிருந்து ஹுணசூர், பிரியாப்பட்டணம், குசால்நகர் வழியே மேற்கு நோக்கிச் சென்றால் ஏறக்குறைய 120 கிலோமீட்டரில் மடிக்கேரி. அதற்கும் அப்பால் தலைக்காவிரி. சோழநாட்டை ஊட்டிய ஆறு பிறக்கும் அம்மலையைக் குடமலை என்று பழந்தமிழ்ப் புலவர் அறிந்திருந்தனர். ஆயினும் அம்மலையில் வாழும் மக்களைப் பற்றி நாம் அறிந்தது குறைவு. அவர்கள் பேசும் கொடவத் தக்கு, கன்னடத்தின் கிளைமொழி என்று பலரும் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறு. அது தனித் திராவிட மொழி. தமிழுக்கும் மலையாளத்துக்கும் மிக அணுகியது. அமெரிக்க மொழியறிஞர் எமனோ அதனை நேரில் ஆராய்ந்தார். பர்ரோ என்பவருடன் சேர்ந்து அவர் 1961இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதியில் குடகுச் சொற்களும் தம் உறவினரோடு அமர்ந்திருக்கின்றன.

அம்மொழியின் உடைப்பெயர்களைக் கேட்டால் தமிழர்க்கு வியப்பும் மகிழ்ச்சியும் ஒருங்கே தோன்றும். குடக ஆடவர் விழா நாளில் முழங்கால் மறைய அணியும் அரைக்கைக் கருஞ்சட்டை குப்பியம். மணமகன் அணிவது வெண்ணிறம். பழந்தமிழில் சட்டைக்குக் குப்பாயம் என்ற பெயர் வழங்கியதை நாம் மறந்துவிட்டோம், அவர்கள் மறக்கவில்லை. இடையில் சுற்றிக் கட்டும் செம்பட்டு செலெ. நம் சேலைக்கு அது உறவு. வடமொழிச் சேலம் என்னும் சொல்லிலிருந்து இருவர்க்கும் வந்திருத்தலும் கூடும். தலையில் அணியும் தட்டையான பாகை மண்டெத்துணி. இதற்கு விளக்கம் வேண்டுமோ! முன்புறத்தில் செலெயில் செருகும் சிறிய கத்தி பீச்செக்கத்தி. தமிழிலும் பிச்சாங்கத்தி என்று ஒரு சொல் வழங்கியதுண்டு. முதுகில் தாங்கும் பெரிய கத்தி ஒடிக்கத்தி. அய்தக்கத்தி என்ற பெயரும் உண்டு. ஆயுதக்கத்தி என்பதன் திரிபு இஃது என்பர்.

தொடங் என்பதைக் கேட்டபோது நமக்குத் தொடக்குதல் என்னும் பழைய வினைச்சொல் நினைவுக்கு வந்தது. கட்டுதல், பிணித்தல், மாட்டுதல் என்பன அதன் பொருள்கள். கத்தியை அரையோடு பிணிக்கும் கருவிக்குத் தொடங் என்ற பெயர் அமைந்தது தற்செயலாக இராது என்பது நம் கருத்து. மொழியறிஞர் இதனை மறுத்தால் நாம் வழக்காடப் போவதில்லை.

பீச்செக்கத்தியோ மிகுந்த அழகுடையது. மரத்தாலான உறையில் வெள்ளித் தகடும் சில வேளைகளில் பொன்தகடும் பதித்திருப்பர். உறையிலிருந்து வெள்ளிச் சங்கிலிகள் தொங்கும். அச்சங்கிலிகளின் நுனியில் குடகரின் படைக்கலங்களைச் சின்னஞ்சிறு உருவாகச் செய்து கோப்பதும், காதுக் குறும்பிவாங்கி, பற்குச்சி, முள்வாங்கி ஆகியவற்றை மாட்டுவதும் உண்டு. போர்க்கருவியும் காட்டுப் பயணத்துக்கு வேண்டிய சிறு கருவிகளும் ஒரே சங்கிலியில் தொங்குவது காண இனியது. வெள்ளியாலான இவ்வணிகள் விலைபோகும். ஆகவே காப்பாற்றவும் படும். பழம்பொருள் வாங்குவோர் விரும்பிக் கேட்பதும் இவற்றையே. பின்புறத்துப் பித்தளைக்கு அத்தகைய நற்பேறு இல்லை.

ஒடிக்கத்தியை ஒருமுறை பார்த்தவர்களுக்குத் தொடங்கின் தேவை தானே விளங்கும். நீண்டு நேராகச் செல்லும் வாளன்று அது. பிடியருகே ஒடுங்கி, நுனி நோக்கிச் செல்லச் செல்ல அகன்று, உட்புறமாக வளைந்தது. கூர் இருப்பது உள்வளைவில். கைக்காப்பும் இல்லை. காட்டில் கொடியையும் கிளையையும் அறுத்து வழி செய்யவும், பகைவனை எதிர்ப்படின் வீசவும் ஒருங்கே உதவும் உருவம் அது. ஆனால் அகன்ற நுனியும் ஒடுங்கிய அடியும் உடைய கத்திக்கு உறை செய்வது எங்ஙனம்? நுனி நுழையும் அளவுக்கு உறையின் வாயை அகலமாக்கினால் அடிப்பகுதி ஆடும். அடிக்கு ஏற்ப ஒடுக்கினால் நுனி நுழையாது. வளைவு வேறு. இச்சிக்கலுக்குக் குடகுக் கம்மியர் கண்ட விடை, உறையே வேண்டாம் என்பது. பிளவுடைய பித்தளை ஒன்றை முதுகில் கட்டி, அதில் கத்தியைச் செருகிவிட்டனர். இரு கைகளும் விடுபட்டன; மரமேறலாம், ஆறு கடக்கலாம், துப்பாக்கி தாங்கலாம். வேண்டும்போது வலக்கை பின்சென்றால் பிடி எட்டும். நாம் கடையில் கண்ட ஒரே திசைக் கீறல்களின் பொருள் இதுவே.

இவ்வகைக் கத்தி குடகுக்கு மட்டும் உரியதன்று. எல்லைக்கு அப்பால் மலையாள நாட்டிலும் இதன் இனத்துக் கத்திகள் வழங்கின. ஆதலால் எழுத்தில்லாத ஒரு தொடங்கைக் கண்டவுடன் இன்ன ஊரில் வார்த்தது என்று அறுதியிட்டுக் கூறுவது அறிவுடைமை ஆகாது. குடகு அல்லது குடகை ஒட்டிய மலையாள நாடு என்ற அளவில் நிற்பதே நேர்மை. வணிகர்கள் இவ்விடத்தில்தான் தவறுகின்றனர். பெயர் கிடைத்தவுடன் அதற்கு ஒரு மன்னனையும் ஒரு போரையும் ஒட்டிவிடுகின்றனர்; விலை பத்து மடங்கு ஏறிவிடுகிறது.

இத்துணைப் பயனுள்ள பொருளின் பெயர், 120 கிலோமீட்டருக்கு இப்பால் உள்ள பெருநகரில் எவ்வாறு மறந்துபோயிற்று என்று ஆராய்ந்தோம். நமக்குத் தோன்றிய முதற்காரணம் சற்று விந்தையானது. புகைப்படம் எடுப்போர் மனிதனை முன்புறமாகவே நிறுத்துகின்றனர். 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த இந்திய மக்கள் என்னும் பெரும் படநூலில் குடகரும் இடம் பெற்றனர். அக்காலம் தொட்டு இன்றைய திருமணப் படங்கள் வரை நாம் பார்த்தவற்றில் பெரும்பாலும் கண்ணில் படுவன பாகையும் செம்பட்டும் பீச்செக்கத்தியுமே. முதுகில் இருப்பது படத்தில் விழுவதில்லை. படத்தில் விழாத பொருள் பிற்காலத்தார் நினைவிலும் விழுவதில்லை.

எழுதி வைத்தோர் இலர் என்று கூற முடியாது. பாசல் மிஷனைச் சேர்ந்த செருமானியரும் மடிக்கேரிப் பள்ளியின் தலைவருமாகிய ரிக்டர் என்பவர் 1870இல் வெளியிட்ட குடகு நாட்டுக் கையேடு, குடகரின் உடையை விரிவாகக் கூறுகிறது. லண்டனில் இந்தியப் படைக்கலங்களை ஆராய்ந்து எகர்டன் 1880இல் வெளியிட்ட நூலும், ஸ்டோன் என்னும் அமெரிக்கர் 1934இல் வெளியிட்ட படைக்கல அகராதியும் குடகுக் கத்தியை விட்டுவிடவில்லை. ஆனால் அவையெல்லாம் கத்தியை நாடிச் செல்வோர்க்கு உரிய நூல்கள். கத்தியில்லாமல் தாங்கியை மட்டும் கையில் வைத்திருப்பவர், அந்நூல்களின் எந்தப் பக்கத்தைத் திறப்பார்?

குடகரைப் பற்றி எழுதியவருள் நம்மவர் ஒருவரையும் இங்கே நினைத்தல் தகும். மைசூரில் 1916இல், வீட்டில் தமிழ் வழங்கிய ஐயங்கார்க் குடும்பத்தில் பிறந்த எம். என். சீனிவாஸ், குடகரின் சமயமும் சமுதாயமும் பற்றி எழுதி 1952இல் ஆக்ஸ்போர்டில் வெளிவந்த நூல், இந்தியச் சமூகவியலில் ஒரு திருப்பம் எனப் போற்றப்படுகிறது. குடகுத் திருமணத்தில் வாழைத்தண்டுகளை நட்டு அவற்றைக் கத்தியால் ஒரே வீச்சில் வெட்டும் மரியாதை உண்டு. உறவினர் பெருமிதத்துடன் செய்யும் சடங்கு அது. வேறு மண்ணில் வேரூன்றிய தமிழ்க் குடும்பத்து மகன், அண்டை நாட்டு மக்களின் வழக்கங்களை அவர்கள் வியக்கும் அளவுக்கு அறிந்து எழுதினார் என்பது, வெளிமாநிலங்களில் வாழும் நம்மனோர்க்குப் பெருமை தருவது. குடகர் தாமும் வாளாவிருக்கவில்லை. நடிகேரியண்ட சின்னப்பா என்பார் தம் மக்களின் பாடல்களையும் வழக்கங்களையும் ஊர் ஊராகத் திரட்டி 1924இல் பட்டோலெ பளமே என்னும் நூலை வெளியிட்டார்.

வேறொரு காரணமும் உண்டு. அது வரலாற்றோடு பிணைந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மைசூருக்கும் குடகுக்கும் ஓயாப் போர். ஐதர் அலியும் பின்னர்த் திப்பு சுல்தானும் குடகைக் கைப்பற்ற முயன்றனர். 1785இல் பெருந்தொகையான குடகர் சிறைபிடிக்கப்பட்டுச் சீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். அத்தொகை எவ்வளவு என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் மாறுபடுகின்றனர். பிரியாப்பட்டணத்தில் காவலில் வைக்கப்பட்டிருந்த தொட்ட வீரராசேந்திரர் 1788இல் தப்பிச் சென்று மலைக்காட்டிலிருந்து போரைத் தொடர்ந்தார். அந்நாள்களில் முதுகுக் கத்தி அணியன்று, உயிர்.

1834இல் ஆங்கிலேயர் குடகைத் தம் ஆட்சியில் சேர்த்துக்கொண்டனர். கடைசி அரசர் சிக்க வீரராசேந்திரர் காசிக்கு அனுப்பப்பட்டார். இந்தியாவின் பிற பகுதிகளில் 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் மக்களிடமிருந்து படைக்கலங்கள் பறிக்கப்பட்டபோது, குடகருக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. 1861இல் ஆணையராக இருந்த மார்க் கப்பன் காலத்தில் வழங்கப்பட்ட விலக்கு அது. 1878ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்திலும் அது தொடர்ந்தது. விடுதலைக்குப் பின்னும் நீங்கவில்லை. 2019இல் நடுவணரசு அதனை 2029 வரை நீட்டித்துள்ளது. நாடு முழுவதும் வாளும் வேலும் எடைக்கு விலைபோன காலத்தில் குடகு வீடுகளில் கத்தி சுவரிலேயே இருந்ததற்கு இதுவும் காரணம்.

கத்தி இருந்தது, ஆனால் அதை முதுகில் சுமக்கும் தேவை போயிற்று. காடு திருத்திக் காப்பித் தோட்டங்கள் எழுந்தன. இளைஞர் படையில் சேர்ந்து சீருடை அணிந்தனர். 1949 சனவரி 15ஆம் நாள் இந்தியப் படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்ற கரியப்பா குடகர் என்பதை யாவரும் அறிவர். 1956 நவம்பர் முதல் நாள் குடகு தனி மாநிலமென்ற நிலை நீங்கி மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. படிப்புக்கும் பணிக்கும் மைசூருக்கு வந்து தங்கியோர் பலர். அன்றாட வாழ்வில் உறவறுந்த தொடங், விழா நாளுக்கென ஒதுங்கியது. சில வீடுகளில் விழா நாளிலும் வெளிவருவதில்லை. பீச்செக்கத்தி மட்டும் மணமகனின் இடையை விட்டு அகலவில்லை.

ஆண்டுதோறும் செப்டம்பர்த் திங்களின் தொடக்கத்தில் குடகர் கொண்டாடும் கைல்போது என்பது படைக்கல வழிபாட்டு நாள். நம் ஆயுதபூசையை ஒத்தது. ஆனால் நவராத்திரியோடு சேர்ந்ததன்று. நாற்று நடவு முடிந்து, வேட்டைக்குப் புறப்படும் காலத்து விழா. துப்பாக்கியையும் கத்தியையும் துடைத்து ஓரிடத்தில் வைத்து, தோக்குப்பூ என்று அவர்கள் வழங்கும் மலரைச் சூட்டுவர். தோக்கு என்றால் துப்பாக்கி. அம்மலர் எது தெரியுமோ? நம் செங்காந்தள். குறிஞ்சி நிலத்து முருகனுக்கு உரியதாகத் தமிழ்ப் புலவர் போற்றிய அதே மலர், மலைக்கு மேற்கே துப்பாக்கியின் வாயில் சிரிக்கிறது. இதனை அம்முதியவர் சொல்லக் கேட்டபோது, கையிலிருந்த பித்தளையை மறந்து சிறிது நேரம் காந்தளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

பிறகு அவர் சொன்னது நம் மனத்தைத் தொட்டது. அவருடைய குலத்தாரின் பழைய பெருவீடு, ஐன்மனை என்பர், மடிக்கேரிக்கு அப்பால் உள்ளது. பங்காளிகள் பிரிந்து வீட்டைப் பழுதுபார்த்தபோது, பரணில் கிடந்த பித்தளை முழுவதையும் ஒரே மூட்டையாக எடைக்குப் போட்டுவிட்டார்களாம். பானை, விளக்கு, உருளி எல்லாம் போயின. கத்தியைப் போடவில்லை, அது தெய்வத்துக்குச் சமம். "கத்தி ஆணியில் தொங்குகிறது. அதைத் தாங்கியது மூட்டையில் போய்விட்டது. என் பேரன் கத்தியைப் பார்த்து, இதை இடுப்பில் எங்கே செருகுவீர்கள், உறை எங்கே என்று கேட்கிறான். முதுகில் என்றால் நம்பமாட்டேன் என்கிறான்" என்றார் அவர்.

இதைக் கேட்டபோது நம் வீட்டுப் பெட்டிகள் நினைவுக்கு வந்தன. மைசூரிலும் பெங்களூரிலும் பம்பாயிலும் தில்லியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பெட்டிகளில் பெயர் மறந்த பொருள்கள் எத்தனை! பெண்மகவின் அரைஞாணில் கோத்துக் கட்டும் அரைமூடி என்னும் வெள்ளி இலையைக் கழுத்துப் பதக்கம் என்று கருதி அணிவோரை நாம் கண்டிருக்கிறோம். பார்க்கும் பாட்டிமார் வாய்விட்டுச் சிரிக்கவும் முடியாமல் சொல்லவும் முடியாமல் திண்டாடுகின்றனர். பாண்டிநாட்டு மூதாட்டியர் காதில் ஆடிய பாம்படத்தைப் பூட்டின் உறுப்பு என்று எண்ணியவரும் உண்டு. குடகருக்கு நேர்ந்தது நமக்கும் நேர்கிறது. நாம் ஊரை விட்டு அகன்றோர் ஆதலால் இன்னும் விரைவாக நேர்கிறது.

பெயர் அறிந்தபின் செய்யத்தக்கதும் செய்யத்தகாததும் சில உள. புளியும் சாம்பலும் இட்டுப் பழம் பித்தளையைப் பளபளவென்று துலக்குவது நம் பெண்டிரின் நல்வழக்கம். ஆனால் இத்தகைய பொருளுக்கு அது தீங்கு. கீறலும் தேய்மானமும் மறைந்தால் பொருளின் வாய் அடைபட்டுவிடும். மென்துணியால் தூசி துடைத்தல் போதும். கத்தியும் தாங்கியும் சேர்ந்து கிடைத்தால் பிரித்து விற்றல் கூடாது. நூறாண்டைக் கடந்த இத்தகைய கலைப்பொருள்களைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்புவதை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் தடை செய்கிறது. அயல்நாட்டு உறவினர்க்குப் பரிசாக அனுப்ப விரும்புவோர் இதனை நினைவிற் கொள்க. எல்லாவற்றினும் எளியது, யாரிடமிருந்து வந்தது, என்ன பெயர், எங்கே அணிவது என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பொருளோடு கட்டி வைப்பது. மைசூர்ப் பல்கலைக்கழகம் மானசகங்கோத்திரியில் செயலட்சுமி விலாச மாளிகையில் 1968இல் நாட்டுப்புற அருங்காட்சியகம் அமைத்தபோது, அறிஞர்கள் சிற்றூர் தோறும் சென்று மக்களின் அன்றாடப் பொருள்களைத் திரட்டினர். அத்தகையோர் நம் வாசலுக்கு வரும்போது, பொருளைக் கொடுப்பதோடு பெயரையும் கொடுக்க வேண்டுமன்றோ!

அம்முதியவரிடம் தொடங்கைக் கொடுத்துவிட விரும்பினோம். முதலில் மறுத்தார், பேரனுக்குக் காட்ட வேண்டும் என்று நாம் வற்புறுத்தவே எடுத்துச் சென்றார். இரண்டு வாரம் கழித்து அதைத் திரும்பக் கொண்டுவந்து நம் மேசைமீது வைத்தார். ஐன்மனைக்குச் சென்று, ஆணியிலிருந்த கத்தியை இறக்கி, பேரனின் முதுகில் பித்தளையைக் கட்டிச் செருகிப் பார்த்தாராம். பிளவு கத்தியின் தடிப்புக்குச் சற்றே குறுகலாக இருந்தது, நுழையவில்லை. அரம் கொண்டு ஓரத்தை மெல்ல அராவினால் நுழையும் என்று அங்கிருந்த கொல்லர் சொன்னாராம். முதியவர் இசையவில்லை.

"இது எங்கள் வீட்டுடையதன்று. வேறொரு வீட்டுக் கத்திக்காக வார்த்தது. அந்தக் கத்தி எங்கோ ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும்" என்றார்.

பேரன் இப்போது நம்புகிறானா என்று கேட்டோம். கத்தி இல்லாமலே வெறும் பித்தளையை முதுகில் கட்டிக்கொண்டு அன்று மாலை வரையில் முற்றத்தில் ஓடித் திரிந்தான் என்றார். பொருளின் ஓரத் துளையில் நூலால் ஒரு சீட்டுக் கட்டியிருந்தது. கொடவத் தக்கின் பெயரைக் கன்னட எழுத்தில் சிறுவன் எழுதியிருந்தான். கீழே அதையே தமிழில் எழுதி வைத்திருக்கிறோம்.